வேன் வரும், நன்றி

மரியாதை தெரியாத கணினித் திரைகளை எனக்கு எப்போதுமே பிடிக்காது, இன்ஸ்பெக்டர். வயதானவர்களின் முகத்துக்கு நேரே "டேட்டாபேஸ் இணைப்பு தோல்வி" என்று கத்துவது என்ன பழக்கம்?

என் பெயர் ரோய்ஸ்டன். ஈப்போ சிலிபினில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தின் வெப்சைட்டை எழுதியதும் பார்த்துக்கொண்டதும் நான்தான். நோயாளிகள் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர் டேட்டாபேஸில் பதிவாகும். அதைப் பார்த்து டிரைவர் அர்ச்சுனன் வேனில் போய் அவர்களை ஏற்றி வருவார். எங்கள் சர்வர் மலிவானது. நல்ல மழை பிடித்தால் இணைப்பு அறுந்துவிடும். ஈப்போவில் மழைக்குப் பஞ்சமா? அப்போதெல்லாம் "பதிவாகவில்லை, கூப்பிடுங்கள்" என்று சிவப்பு எழுத்தும் மையத்தின் எண்ணும் வரும். எல்லாரும் கூப்பிட்டார்கள்.

நிர்வாகி ஐவி என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன லா இது, ரோய்ஸ்டன்? கெழவங்க எல்லாம் போன் போட்டு உயிர எடுக்குறாங்க. இனிமே ஒரு கம்ப்ளேன் வரக்கூடாது."

வரவில்லை. புரோகிராமில் சில வரிகளைத்தான் மாற்றினேன். இணைப்பு தோற்றால் அந்தப் பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, பச்சை டிக்கோடு "பதிவாகிவிட்டது, வேன் வரும், நன்றி" என்று காட்ட வைத்தேன். பெயர் எங்கும் பதிவாகாது, அது வேறு விஷயம். யாரும் பதறவில்லையே. கிறிஸ்துமஸுக்கு ஐவி எனக்கு ஒரு பெரிய கேக் கொடுத்தார். கொஞ்சம் வறண்டிருந்தது, ஆனாலும் மனசு பெரிசு.

பிறகு அந்த அடைமழை. அர்ச்சுனன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, கோப்பெங் நல்லம்மா பேரே வரலையே. மிஸ் பண்ற ஆளே கெடையாது. நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரவா?"

குணமாகியிருப்பார் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சிறுநீரகம் அப்படியெல்லாம் திருந்தாது. அதனால், "தெலுக் இந்தான்ல மகன் வீட்டுக்குப் போயிருப்பாங்க லா" என்றேன். அவருக்கு மகன் உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அர்ச்சுனன் நல்ல மனிதர், நம்பினார். நர்ஸுகளிடமும் அதையே சொன்னார். அவர் போய்ப் பார்த்திருந்தால் பச்சை டிக் பொய் என்று வெளியே வந்திருக்கும். ஐவி மறுபடி கத்தியிருப்பார்.

அடக்கம் முடிந்த பிறகு நல்லம்மாளின் மகள் குமுதா அலுவலகத்துக்கு வந்தார். அவருக்கு ஈப்போவில் சூப்பர்மார்க்கெட்டில் வேலை. அம்மா மட்டும் கோப்பெங் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் தனியாக இருந்திருக்கிறார். குமுதா சத்தம் போடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"மொத தடவ வேன் வரலன்னதும், வேற யாருக்காச்சும் அவசரம்னு போயிருக்கும்னாங்க அம்மா. அப்புறம் கால் வீங்கிருச்சு, மூச்சு விட முடியல. டாக்சி புக் பண்றேம்மான்னு சொன்னேன். வேணாம், வேன் வருதுன்னு போட்டிருக்கு, டிரைவர் தம்பி வந்து ஏமாந்து போவாருன்னாங்க."

மழையில் வேன் எங்கோ மாட்டியிருக்கும் என்று அவருக்கு ஆறுதல் சொல்லி, குடிக்க ஒரு மைலோ போட்டுக் கொடுத்தேன்.

இணைப்பு அறுந்தது உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. ஒவ்வொரு தோல்வியும், அழுத்தியவர் பெயரோடு, என் கைபேசிக்கு வரும்படி வைத்திருந்தேன். நல்லம்மாள், நல்லம்மாள், நல்லம்மாள் என்று வந்துகொண்டே இருந்தது. கோழிச் சோறு சாப்பிடும்போது தொந்தரவாக இருந்ததால் சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு நிற்கும்வரை அந்த அம்மா ஒரு பிழைச்செய்திகூடப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளைகூட அவரை அவ்வளவு நன்றாகக் கவனித்திருக்காது.