தொண்டையில் உறைக்கும் எண்ணெய்

நல்ல ஆலிவ் எண்ணெய் தொண்டையில் லேசாக உறைக்கும். சேலத்தில் பலருக்கு இது தெரியாது. கெட்டுவிட்டது என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு இங்கிலீஷ் மருந்துக் கடை. பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான், கடைக்கு வரும் பெண்களுக்கு மட்டும் இதை விளக்குவேன். ஆண்களிடம் பேசக் கூச்சம். இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களிடமும் வாயால் சொல்ல வராது என்பதால்தான் எழுதித் தருகிறேன்.

கண்ணாத்தாள் எங்கள் பின்தெருவில் இருந்தவர். பிரசவத்துக்குப் பின் உடம்பு தேறவில்லை. தினம் ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் குடிக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். பொன்னிறமும் விழுங்கியபின் ஓர் உறைப்பும் இருந்தால் அசல்; வெயில் படாமல் வைக்க வேண்டும்; காய்ச்ச வேண்டாம், ரசஞ்சோற்றில் விட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

“இது வெளக்கெண்ணெக்கு அண்ணனான்னு எங்கூட்டுக்காரரு கேக்கறாருங்க, அம்மிணி,” என்று சிரித்தார்.

நாற்பதாம் வருஷம் இத்தாலி சண்டையில் சேர்ந்ததும் அங்கிருந்து ஆலிவ் எண்ணெய் வருவது நின்றது. “நம்ம புள்ள படிச்ச படிப்புக்கு ஒரு வழி பண்ணாதா?” என்று அப்பா கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார். என்னை நம்பி ஒருவர் பேசியது அதுவே முதல் தடவை.

கடலை எண்ணெயை வடிகட்டிக் காலி பாட்டில்களில் ஊற்றினேன். வெளிறிக் கிடந்தது, உறைக்கவும் இல்லை. ஏரிக்கரையில் பிரம்மதண்டு முட்செடி காய்த்திருந்தது. விதையை இடித்துப் பிழிந்து கலந்தேன். நிறம் வந்தது. உறைப்பும் வந்தது. கடலை எண்ணெய் ஊற்றியது அப்பாவுக்குத் தெரியும். விதை கலந்தது தெரியாது.

“நீங்க சொன்னாப்பலயே உறைக்குதுங்க, அம்மிணி. அசலேதான்,” என்றார் கண்ணாத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் வாரம் அவர் வந்தபோது கால்கள் வீங்கியிருந்தன. வங்காளத்தில் கடுகெண்ணெயோடு பிரம்மதண்டு கலந்து, அதைச் சாப்பிட்டவர்கள் இப்படித்தான் வீங்கிச் செத்தார்கள் என்று கல்லூரியில் படித்திருந்தேன். கலக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. வந்திருக்கவும் கூடும்.

அன்று மத்தியானம் ஒரு சோதனைக் குழாயில் அந்த எண்ணெயையும் நைட்ரிக் அமிலத்தையும் விட்டுக் குலுக்கினேன். அடியில் தங்கிய அமிலம் செம்மஞ்சளாக மாறியது. பிரம்மதண்டு எண்ணெய்க்கு அதுதான் அடையாளம். குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் கண்ணாத்தாள் சுவரைப் பிடித்தபடி வந்தார். “மூச்சு வாங்குதுங்க, அம்மிணி. எண்ணெய நிறுத்திப் பாக்கட்டுங்களா?”

நிறுத்துங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

“உடாம குடிங்க, அக்கா,” என்றேன்.

பதினோரு நாள் குடித்தார். பன்னிரண்டாம் நாள் இறந்தார். குழந்தைக்கு நான்கு மாதம்.

வேறு வழி எனக்கு இருந்ததா என்று கேட்டீர்கள். நைட்ரிக் அமிலம் இருந்த அதே அலமாரியில் அசல் பாட்டில் ஒன்று, மூடி திறக்காமல், அப்போதும் இருந்தது. பேசாமல் அதைக் கையில் கொடுத்திருக்கலாம். எடுத்தும் பார்த்தேன். ஆனால் ஒரு கரண்டி குடித்ததுமே இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.