நீலத் தலையணை

எனக்குத் தலையணை இல்லாமலே தூக்கம் வரும். பழக்கம்தான். அந்த மின்விசிறியை நிறுத்த முடியுமா, ஐயா? மேசைமேல் இருக்கும் அந்தத் தலையணையைத் தட்டவும் வேண்டாம். உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே சொல்கிறேன்.

இரும்புச் சுரங்கத்தில் கல் ஆய்வாளனாக இருந்தேன். ரீபெக்கைட் என்றொரு கனிமம், இரும்பு நிறைந்த சிலிக்கேட். கருங்கல்லில் கருநீல மணிகளாகக் கிடக்கும்போது பரம சாது. இரும்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே அதுவே மயிரைவிட மெல்லிய நாராக வளரும்; நீல ஆஸ்பெஸ்டாஸ் என்பார்கள். நகத்தால் கீறினால் நீலப் பஞ்சாகப் பிரியும். தீயில் எரியாது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் கரையவும் கரையாது.

அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அத்தானுக்கு நான்தான் தொட்டுக்கொள்ள. "என்ன கல்லு டாக்டர், இன்னிக்கு எந்தக் கல்லுக்குக் காய்ச்சல்?" என்பார். ஒருநாள் விருந்தாளிகள் எதிரிலேயே கேட்டார்: "ஏன் மச்சான், நீ பேர் வைக்கிற கல்லுல ஒண்ணாவது வீட்டுக்கு உதவுமா?"

"உதவும் அத்தான்," என்றேன்.

அடுத்த முறை தலையணையோடு போனேன். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு அந்த நீலப் பஞ்சை நானே அடைத்துத் தைத்தது. உறைக்குத் தளர்வான நெசவாகப் பார்த்து எடுத்திருந்தேன். அத்தான் அமுக்கிப் பார்த்தார். "பரவால்லயே, பட்டு மாதிரி இருக்கு." அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை.

மறுபடி போனபோது, அக்கா மகள் அதைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அத்தானுக்கு உயரமா இருக்காம்டா. பாப்பா இப்ப இது இல்லாம தூங்க மாட்டேங்குறா," என்றாள் அக்கா.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தான் சிரிப்பார்: "பாத்தியா, உன் தம்பி கல்லு தலைக்கு வைக்கக்கூட லாயக்கில்ல." அதனால் பாப்பாவின் தலைமாட்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

வளர்ந்த பிறகும் அவள் அதை விடவில்லை. உறை கிழிந்தால் என்னிடம்தான் கொண்டுவருவாள். தைத்துக் கொடுப்பேன்.

அத்தான் இன்றும் கல்லுக்குண்டாக நடமாடுகிறார். பாப்பாவுக்குத்தான் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சுரங்கத்துப் பக்கம் வசித்தீர்களா என்று மருத்துவர் கேட்டாராம். "இல்ல, மாமா குடுத்த தலகாணி ஒண்ணு இருக்கு," என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

தெரிந்துதான் கொடுத்தேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குழந்தைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேனே, அதையும் மறக்காமல் எழுதுங்கள்.