காசு வாங்காத ஏஜென்ட்

களியக்காவிளையில் நான் ஏறிய நாகர்கோவில் பஸ்ஸில், முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“மவளைக் கனடாவுக்குப் படிக்க அனுப்புற ஏஜென்ட் எங்ககிட்ட ஒத்தப் பைசா வாங்கல்லக்கா. அதுதான் பயமாட்டு இருக்கு.”

மூத்தவள் சிரித்தாள். “கோட்டிக்காரி! வாங்கினாத்தானட்டி பயப்படணும்?”

“ஆள் சேத்து விட்டா காலேஜ்காரனே அவனுக்குக் கமிஷன் குடுப்பானாம். நேத்துதான் தெரிஞ்சுது.”

“வேற காலேஜ் ஒண்ணும் காட்டல்லியா?”

“இல்ல. அவ நர்சிங் கேட்டா. இடமில்லன்னு அதே காலேஜ்லயே ஓட்டல் படிப்புல சேத்துட்டான்.”

மூத்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது. “பிள்ளைக்குப் போன் போட்டு, போகண்டாம்னு சொல்லுட்டி.”

“இப்ப பிளேன்ல இருக்காக்கா. அங்க இறங்கினா, கூட்டிட்டுப் போக வாறதும் அவனுக்க ஆளுதான்.”