அழிக்கச் சொன்ன விலாசம்

கிழக்கேகோட்டையில் கழக்கூட்டம் பஸ் ஏறும்போது ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருக்கும். அறுபத்திரண்டு வயதில் மறுபடி வேலைக்குப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும், எஸ்.ஐ. மேடம்?

பேங்கில் ரிட்டயர் ஆனபின், வீட்டுக்கு மருந்து அனுப்பும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் புது விதிகள் வந்திருந்தன. கெடுவுக்கு இன்னும் நாள் இருந்தாலும் இப்போதே பழகிக்கொள்வோம் என்றார்கள். தங்கள் விவரங்களை அழிக்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயில் எல்லாம் என்னிடம் வரும். ஆளைச் சரிபார்த்து, அழித்து, பதில் போடவேண்டும்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை வந்த மெயிலில் பத்மஜா என்று இருந்தது. என் பெண். எட்டு மாதமாக எங்கே இருக்கிறாள் என்றே தெரியாதவள். நான் அங்கே வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியாது.

"நான் வித்துராவில் இருப்பது என் கணவருக்குத் தெரியக் கூடாது. உயிருக்குப் பயந்து வந்திருக்கிறேன். என் கணக்கை முழுக்க அழித்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தாள். கடைசியாக வாங்கியது தைராய்டு மாத்திரை. மறக்காமல் சாப்பிடுகிறாளே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விலாசத்தை டயரியில் குறித்துக்கொண்டு, அன்றைக்கே அழித்துவிட்டேன்.

மாப்பிள்ளை கைலாஷ் கெட்டவர் இல்லை. கோபம் வரும். முதல் தடவை பத்மஜா மணிக்கட்டு உடைந்து ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது நான்தான். அடுத்த தடவை, "அப்பா, நான் இங்கேயே இருந்துடறேனே" என்றாள். "நாலு பேர் கேட்டா என்னம்மா சொல்றது?" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அந்த வாரம்தான் காணாமல் போனாள்.

சேர்த்து வைத்தால் சரியாகிவிடும் என்று பட்டது. கைலாஷுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் காரில் கிளம்பினோம். என் மனைவி ஜெயலக்ஷ்மியிடம் சொல்லவில்லை. பெண்ணோடு வீட்டு வாசலில் போய் நிற்கலாம் என்று இருந்தேன். வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் அரைக் கிலோ வாங்கினேன். அவளுக்குப் பிடிக்கும்.

அவள் இருந்தது ஒரு வீட்டின் மாடியில். "என் குரலுக்குத் திறக்க மாட்டா. நீங்க கூப்பிடுங்கோ மாமா" என்றார் கைலாஷ்.

தட்டினேன். "பப்பி, அப்பா வந்திருக்கேன்மா."

உள்ளே ஓடிவரும் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டே திறந்தாள். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

புருஷன் பெண்டாட்டி பேசும்போது நடுவில் நிற்பது நாகரிகம் இல்லை. நான் இறங்கி எதிர்க் கடையில் டீ சொன்னேன். அவள் கூப்பிட்டது கேட்டது. அப்பா, அப்பா என்று மூன்று தடவை. இப்போது போனால் பேச்சு கெட்டுவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடவை கூப்பிடவில்லை. சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்து, டீயைக் குடித்து முடித்தேன்.

நான் ஏறிப் போனபோது கைலாஷ் படியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விலாசம் கொடுத்தது நான். குரல் கொடுத்ததும் நான். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் தாழ்ப்பாளை எடுத்தது அவள். யாரும் வற்புறுத்தவில்லை, தன் முழுச் சம்மதத்தோடுதான் திறந்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.