இராசம்மா கேட்ட படங்கள்

ஓராண்டில் பார்த்த படங்களில் சிறந்த பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலிடம் ஒரு சிக்கலே இல்லை. பத்தாவது இடம்தான் ஆளைக் கொல்லும். இந்த முறை பன்னிரண்டு படங்கள் பார்த்திருந்தேன். இரண்டைக் கழிக்க மூன்று நாள் ஆனது, இன்ஸ்பெக்டர்.

என் பெயர் சுகுமாரன். எஸ்டேட் வேன் ஓட்டுகிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் என் பட்டியல் கோயில் மண்டபத்துப் பலகையில் ஒட்டப்படும். தொழிலாளர் லைன் வீட்டு ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனில் எந்தப் படம் பார்ப்பது என்று முடிவு செய்வார்கள். நான் போனில் பார்ப்பதில்லை. அப்படிப் பார்ப்பவன் விமர்சனம் எழுதக்கூடாது என்பது என் கொள்கை.

மலையில் தியேட்டர் கிடையாது, கீழே ஈப்போ நகரத்துக்கு இறங்க வேண்டும். என்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆனால் அந்த வளைவுகளில் மழையோடு இறங்கினால் முதுகு போய்விடும், அப்புறம் படத்தில் மனம் நிற்காது. வேனுக்கோ எஸ்டேட் ஆபீஸ் கிராணி ஹரிதாஸ் சும்மா சாவி தரமாட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்ட வேண்டும்.

இராசம்மாவிடம் அந்தச் சீட்டு இருந்தது. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர், இதயக் கோளாறு. ஒரே மகள் குமுதா சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். மாதம் ஒரு முறை ஈப்போவில் டாக்டரைப் பார்க்க வேண்டும். காலையில் அவரை இறக்கிவிட்டுப் படத்துக்குப் போவேன். முடிந்ததும் டாக்டர் சொல்வதைக் கேட்டு, அவருடைய மருந்தை வாங்கிக்கொண்டு திரும்புவோம். மேலே ஏறும் இரண்டு மணி நேரமும் கதை சொல்வேன். அன்றைக்கு முதல் பாதி, மறுபாதி அடுத்த மாதம். அவருக்கும் ஓர் ஆவல் வேண்டாமா?

எனக்கென்று தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். "நீ சொன்னாத்தான் தம்பி படம். டிவியில என்னா இருக்கு லா" என்பார். இவ்வளவு நல்ல ரசிகை எனக்கு வேறு யாருமில்லை. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மார்ச்சில் டாக்டர் சிரித்த முகமாகச் சொன்னார்: அடுத்த மாதமும் இப்படியே இருந்தால், இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். வழியெல்லாம் இராசம்மா முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். நான் கணக்குப் போட்டேன். மீதி ஆண்டுக்கு இரண்டே படம். அதை வைத்து யார் பத்து படம் தேர்ந்தெடுப்பது?

அவருக்கு எழுத்து தெரியாது. வாரத்துக்கான மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக் கொடுப்பது நான்தான். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, அதே அளவில் வெள்ளைச் சத்து மாத்திரை வைத்தேன். சத்து மாத்திரை என் சொந்தக் காசில். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் கால் வீங்கியது. டாக்டர் குழம்பிப்போய், மாதாமாதம் கட்டாயம் வரச் சொன்னார். ஏப்ரல் படம் சுமார்தான். ஜூனில் கோயில் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஜூன் படத்தில் பாட்டு மட்டும் தேறும். ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூட்டிவரச் சொன்னார்கள். வேன் கிடைக்காது என்று நான்தான் மறுத்தேன். அத்தனை நல்ல படங்கள் எங்கே வருகின்றன?

முதலிடம் பெற்ற படம் டிசம்பர் முதல் வாரத்தில் பார்த்தது. மண்சரிவில் புதைந்துபோன ஒரு சிறுமியைத் தேடும் கதை. இரண்டு இடங்களில் அழுதேன், மறைக்க மாட்டேன். திரும்பும்போது கோலா தெர்லா ஊருக்குள் காய்கறி லோரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. இடைவேளை வரை நிதானமாகச் சொல்ல முடிந்தது. வீட்டு வாசலில் இராசம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அந்தப் புள்ள பொழைச்சுக்குமா தம்பி?"

"அடுத்த மாசம் சொல்றேன்க்கா."

"இப்பவே சொல்லிடு லா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

நான் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். ஐந்தாம் நாள் காலமானார்.

சாவுக்கு வந்த குமுதா, அம்மாவின் சீட்டைத் தேடி வேனின் டாஷ்போர்டைத் திறந்திருக்கிறாள். உள்ளே பத்து மருந்துப் பைகள், அந்த ஒரு மாத்திரை மட்டும் பிரிக்காமல். மேலே இருக்கும் படக் குறிப்புகள் என் கையெழுத்துதான். படம் மனத்தில் சூடாக இருக்கும்போதே எழுத வேண்டும், கையில் அந்தப் பைதான் இருந்தது. நான்காவது பையில் 'இரண்டாம் பாதி இழுவை' என்று எழுதியிருப்பதை மட்டும் இப்போது மாற்ற நினைக்கிறேன். கொஞ்சம் கடுமை.

ஆம், மாத்திரையை நிறுத்தியது நான்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். டாக்டர் சொன்னதையெல்லாம் அவருக்கு விளக்கியதே நான்தானே. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் 'கொலை' என்ற சொல் மிகை. அவர் ஒரு படத்தையும் தவறவிடவில்லை.

குமுதா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா கடைசியா போன்ல பேசினப்ப அந்தப் புள்ளயப் பத்தித்தான் சொன்னாங்க. அது பொழைச்சுச்சாண்ணே?"

அவள் இன்னும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அதனால் சொல்லவில்லை. முடிவை வெளியே சொல்லி ஒருவருடைய அனுபவத்தைக் கெடுக்கும் அளவுக்கு நான் இரக்கமில்லாதவன் அல்ல.