ஐம்பது பித்தளைக் கூடுகள்

லோவெல்: முப்பத்தெட்டாவது தோட்டாக் கூடு... ரெண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் அஞ்சு அங்குலம்.

ஆர்டிஸ்: சரியா இருக்கா?

லோவெல்: சரி... மாதிரிதான் தெரியுது.

ஆர்டிஸ்: மாதிரியென்ன மாதிரி? நீளம் அளக்கற காலிப்பர் என்ன ஜோசியமா சொல்லுது?

லோவெல்: அவசரப்படாத அக்கா. நம்ம டீம் ஆர்வில் போன வாரம் குதிரைலருந்து விழுந்து மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டான். அவன் இடத்துக்கு ஆறு மணிக்குள்ள பேர் குடுத்தாப் போதும்.

ஆர்டிஸ்: விடிஞ்சாத் துப்பாக்கி சுடற போட்டி. ஒம்பது வருஷமா கோல்டர் ஊர்க்காரன் கோப்பையத் தூக்கிட்டுப் போறான். இங்க கேப்டன் கராஜுல உக்காந்து கூடப் பொறந்தவளச் சோதிக்கிறாரு!

லோவெல்: நம்ம கிளப்புல யாரு வந்தாலும் இதான். தோட்டாக் கூட்ட அவங்கவங்க கையாலதான் வெட்டிக் கொண்டாரணும். அளவு தப்புனா டீம்ல இடமில்ல. போன வருஷம் உன்னோடதுல பாதிக்கு நீளம் கூடிப் போயி...

ஆர்டிஸ்: அத எத்தன தடவடா சொல்லுவ? வான்கோழிய வெட்டி எல்லாருக்கும் போடறப்பக்கூடச் சொன்ன.

லோவெல்: அதோட கழுத்தப் பாத்ததும் ஞாபகம் வந்துடுச்சு.

ஆர்டிஸ்: பேசாம அள.

லோவெல்: நாப்பத்தேழு... நாப்பத்தெட்டு... நாப்பத்தொம்பது...

ஆர்டிஸ்: மூச்சு விடுடா.

லோவெல்: அம்பது. அதுவும் அதே அளவு. வாயில பிசிறுகூட இல்ல... உள்ள, வெளிய ரெண்டு பக்கமும் சீவியிருக்க.

ஆர்டிஸ்: ஆக, அம்பதும்?

லோவெல்: அம்பதும்.

ஆர்டிஸ்: சத்தமா! மொன்டானா மாநிலத்துக்கே கேக்கணும்.

லோவெல்: அம்பதும் சரி, போதுமா?

ஆர்டிஸ்: போதாது. உன் டப்பாவ எடு.

லோவெல்: என்னோடது எதுக்கு? நான் கேப்டன்.

ஆர்டிஸ்: யாரு வந்தாலும் இதான்னு இப்பத்தானே சொன்ன?

லோவெல்: நேத்துதான் வெட்டினேன். இந்தா, கண்குளிரப் பாத்துக்கோ.

ஆர்டிஸ்: ரெண்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணு எட்டு. ஒண்ணு அஞ்சத் தாண்டினாலே ஆகாதே!

லோவெல்: என்னது?

ஆர்டிஸ்: அடுத்தது... ஒண்ணு ஏழு. இது... மறுபடி ஒண்ணு எட்டு.

லோவெல்: காலிப்பர் தாடையில தூசு ஏதாவது...

ஆர்டிஸ்: மூடிக் காட்டறேன் பாரு. பூஜ்யம். என்னோடத அளந்த அதே காலிப்பர்தான்.

லோவெல்: வெட்டினப்ப சரியாத்தான் இருந்துச்சு...

ஆர்டிஸ்: அச்சுல அமுக்கிட்டு வெட்டினியா, வெட்டிட்டு அமுக்கினியா?

லோவெல்: இரு, அந்த டப்பாவ இப்படிக் குடு...

ஆர்டிஸ்: லோவெல்!

லோவெல்: வீட்டுல ஜூடித் சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா... அவசரத்துல...

ஆர்டிஸ்: மொதல்ல வெட்டிட்ட.

லோவெல்: மொதல்ல வெட்டிட்டேன்.

ஆர்டிஸ்: ஐயோ, என் கேப்டனே! போன வருஷம் இதே தப்புக்குத்தானே என்ன வீட்டுக்கு அனுப்பின? சுட்ட கூடு உப்பிப் போயிருக்கும். அச்சுல வெச்சு அமுக்கினா ஒல்லியாகும். அந்தப் பித்தளை எங்க போகும்? கழுத்து வழியா மேல ஏறும். ஆப்பிள் பை செய்யறப்ப மாவத் தேய்க்கறதுக்கு முன்னாடியே யாராவது ஓரத்த வெட்டுவாங்களா?

லோவெல்: மாட்டாங்க.

ஆர்டிஸ்: இந்த நீளத்தோட துப்பாக்கியில போட்டா கழுத்து போயி முட்டும். குண்ட இறுக்கிப் பிடிக்கும், உள்ள அழுத்தம் எகிறும். இதெல்லாம் எனக்கு மணிக்கணக்காப் பாடம் எடுத்தது யாரு?

லோவெல்: எவனோ ஒரு அறிவாளி.

ஆர்டிஸ்: சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. ஒண்ணும் கெட்டுப் போகல, மறுபடி வெட்டினா முடிஞ்சுது. நீ வெட்டு, நான் அளக்கறேன். அதுக்கு முன்னாடி போன் போட்டு என் பேரக் குடு.

லோவெல்: குடுக்க முடியாது.

ஆர்டிஸ்: என்னடா சொன்ன?

லோவெல்: திங்கக்கிழமையே குடுத்துட்டேன். கோடை பூரா நீ மேட்டுல தனியா சுட்டுப் பழகினத வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஆர்டிஸ்: அப்ப எதுக்குடா ஒரு மணி நேரமா என் உயிர வாங்கின?

லோவெல்: அக்கான்னு சேத்துக்கிட்டான்னு நாளைக்கு எவனும் வாயத் தொறக்கக் கூடாதுல்ல... ஏன் சிரிக்கிற? போன எதுக்கு எடுக்கற?

ஆர்டிஸ்: கோல்டர் கேப்டன்கிட்டப் பேசணும். அங்கயும் ஒரு ஆள் குறையுதாம். ஆறு மணிக்குள்ள நீ என்னச் சேத்துக்கலன்னா, நாளைக்கு அவங்க பக்கம் நின்னு உன்னத் தோக்கடிக்கறேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். பாவம் மனுஷன்... வேற ஆளத் தேடட்டும்.