லவீனியாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியவர்

பகல் பன்னிரண்டு மணி. ஹூஸ்டனுக்கு வடக்கே, ஆளரவமே இல்லாத ஒரு ஃபார்ம் ரோடு... என்ன சிரிப்பு வெங்கடகிருஷ்ணன்? பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? உச்சி வேளையில் வெளியே போகாதே என்று உங்கள் வீட்டில் சொல்லி வளர்க்கவில்லையா? சிரிப்பதென்றால் எழுந்து போய்ப் பாத்திரம் தேயுங்கள். மற்றவர்கள் கிட்ட வாருங்கள். பர்வதம், அந்த விளக்கை அணை.

இது என் ஓரகத்தியின் தம்பி பசுபதிக்கு நடந்தது. எண்பத்திரண்டு, ஆகஸ்ட் மாத வெயில். பசுபதி ரோடு போடும் ஆபீஸில் இன்ஜினியர். ஒரு ரோட்டை அகலப்படுத்தும்போது குறுக்கே ஒற்றைச் சமாதி. கல்லில் லவீனியா என்று பெயர், நூறு வருஷத்துக்கு முந்திய தேதி. சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வேறு இடத்தில் அடக்கம் பண்ணுங்கள் என்று இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

பக்கத்துச் சர்ச் பாதிரியாருக்குக் கதை தெரிந்திருந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள், வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகிறார்கள். வழியில் இவளுக்கு ஜுரம். புருஷன் இவளை ஒரு பண்ணை வாசலில் இறக்கிவிட்டு, டாக்டரோடு வருகிறேன் என்று சொல்லிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனான்... போனவன் போனவன்தான். ரோட்டில் சக்கரச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவாளாம். அப்படியே செத்துப்போனாள். அந்தப் பாவி விளங்குவானா? நன்றாகத்தான் விளங்கினான். கலிஃபோர்னியாவில் இன்னொரு கல்யாணம், தோட்டம், துரவு. அவன் வம்சத்துக்குப் பசுபதி போன் பண்ணினால், அந்தப் பெண் யாரென்றே தெரியாது என்று வைத்துவிட்டார்கள்.

சர்ச் கல்லறையில் அடக்கம். பாதிரியார், குழி வெட்டின இரண்டு பேர், பசுபதி. உறவு என்று மண் போட ஒரு ஜீவன் இல்லை. பசுபதிக்கு மனசு கேட்கவில்லை, குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

அப்போதுதான் பாதிரியாரின் மனைவி ஓடி வந்தாள். போன் வந்ததாம். அவர் பெண்டாட்டி காமாக்ஷிக்கு வலி எடுத்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். தலைப்பிரசவம். அம்மா இல்லை, மாமியார் இல்லை. முந்தின நாள்தான் அழுதிருந்தாள். "நீங்க பக்கத்துல இல்லேன்னா நான் செத்துடுவேன்" என்று.

பசுபதி கை மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அவசரத்தில், வாய்ப் பழக்கத்தில், குழியைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"வரேம்மா."

ஐயையோ என்கிறாய் பார் ராஜலக்ஷ்மி... அதுதான். சாவு வீட்டிலேயே சொல்லிக்கொள்ளாமல் நழுவுகிறவர்கள் நாம். யாரிடம் போய்ச் சொன்னார், பாருங்கள்!

காரைக் கிளப்பினார். சர்ச்சின் வெள்ளை கேட், சோளக் காடு, தண்ணீர் டேங்க், ஒரு வளைவு... எதிரே வெள்ளை கேட். தப்பாகத் திரும்பிவிட்டோம் என்று நினைத்தார். மறுபடியும் சோளக் காடு, டேங்க், வளைவு... வெள்ளை கேட். அங்கே ஒரு மனுஷர்கூட இல்லை. ஜன்னல் எல்லாம் ஏற்றித்தான் இருந்தது, ஆனால் காருக்குள் புதிதாக வெட்டின ஈர மண் வாசனை. பின்னால், ஜல்லியில் இரும்புச் சக்கரம் உருளும் சத்தம்... கறக்... கறக்... இவர் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. காரை விட்டுவிட்டு நடந்து பார்த்தார். ஓடினார். கேட்டுக்கே வந்து சேர்ந்தார்.

அங்கே ஆஸ்பத்திரியில் அவள் கத்திக்கொண்டிருப்பாள். மனுஷருக்கு அழுகை வந்துவிட்டது. மண் மேட்டின் முன்னால் போய் நின்றார்.

"எம் பொண்டாட்டி தனியா இருக்காம்மா. கொழந்தை முகத்தைப் பாத்துட்டு வந்துடறேன். சத்தியமா."

சக்கரச் சத்தம் நின்றது. வளைவு தாண்டினதும் ஊருக்குப் போகும் ஃப்ரீவே தெரிந்தது.

பெண் குழந்தை. கடைசி நிமிஷத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளைக்கு அந்தக் கல்லறைக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும். அன்றிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை. நியூ ஜெர்ஸியில் பெரிய வேலை வந்தது, வேண்டாம் என்றார். அப்பா போனதற்குக்கூட மெட்ராஸ் போகவில்லை. ஊரே காறித் துப்பியது. காமாக்ஷி கத்துவாள், "ஒரு வாரம் போகாமத்தான் இருந்து பாருங்களேன்!"

"நான் போகலேன்னா அவ இங்க வந்துடுவாடி" என்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசுபதிக்குக் கடுமையான ஜுரம். தலை தூக்க முடியவில்லை. இதுதான் சமயம் என்று காமாக்ஷி கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மணி பன்னிரண்டு நெருங்கியது. திரும்பிப் பார்த்தால், குழந்தை ஷூ போட்டுக்கொண்டு வாசல் கதவைத் திறந்து நிற்கிறது. நாலு வயசு. அதனிடம் இந்தக் கதையை யாரும் மூச்சு விட்டதில்லை.

"யூ ஸ்லீப், டாடி. ஐ'ல் கோ."

"யார் கூடடி போற?" என்றாள் காமாக்ஷி.

குழந்தை டிரைவ்வேயில் நின்ற காரைக் காட்டியது. பூட்டின கார்.

காமாக்ஷி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, தானே பசுபதியின் கையில் வைத்தாள். ஜுரத்தோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து, அவர் போய் ஏறிக்கொண்டார்.

குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றாள். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் குழந்தை பின்சீட்டைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது.